தலையணை உறையில் பத்து எண்கள்

வழி கேட்டுக் கேட்டு வந்தீர்களா அக்கா, இல்லை, இந்த வீடுதான் என்று தெரிந்தே வந்தீர்களா?

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், காலையில் இவள் அதில் ராகிக் கஞ்சியைக் கொட்டிவிட்டாள். கட்டிலில் உட்காருங்கள். குடை அங்கேயே இருக்கட்டும், சொட்டினால் சொட்டட்டும், சிமெண்டுத் தரைதானே. தன்ஷி, பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டாள். நாலு வயதாகிறது. புது ஆளைக் கண்டால் ஐந்து நிமிஷம் பூனை மாதிரி பதுங்குவாள், அப்புறம் மடியில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்பாள்.

நீங்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எழிலரசியின் அம்மா. கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே மூக்கு, அச்சு.

உள்ளதைச் சொன்னால் எனக்கு முகத்தைவிட நம்பர்தான் ஞாபகம் நிற்கும். மேலே பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நம்பர். சட்டைக் காலர், பாவாடைப் பட்டி, தலையணை உறை ஓரம், எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் அந்த நம்பரைத் தைப்பது நான். தைப்பேன், வெளுப்பேன், தேய்ப்பேன், நம்பர் பார்த்துப் பைக்குள் போடுவேன். ஐந்து வருஷத்தில் ஒரு கர்ச்சீப் மாறிப் போனதில்லை. எழில் என்றால் 402. அவள் ஒருத்திதான் வீட்டிலேயே நம்பர் தைத்துக்கொண்டு வந்தவள். நீல நூலில் சங்கிலித் தையல். உங்கள் கைதானே? சிவப்பு நூல்தான் போடணும் என்பது ரூல். நான் அதைப் பிரிக்கவில்லை. இவ்வளவு அழகான தையலைப் பிரிக்க மனசு வரவில்லை.

டீ போடட்டுமா? வேண்டாமா? சரி, அடுப்பில் தண்ணீர் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணியது நான்தான். உங்கள் போன் திரையில் 'கனகவேல் மினி ஆட்டோ, கோத்தகிரி' என்று பேர் வந்ததாக்கும்? என் வீட்டுக்காரர்தான் சவாரி வரும் என்று அப்படிப் போட்டு வைத்திருக்கிறார். சவாரி வந்ததோ இல்லையோ, நீங்கள் வந்துவிட்டீர்கள். கோபப்படாதீர்கள். பேசவேண்டும் என்றுதான் அடித்தேன். நீங்கள் ஹலோகூடச் சொல்லவில்லை. எடுத்தவுடன் "எழிலா?" என்றீர்கள். அவள் உயிரோடு இருந்தபோது ஹாஸ்டலிலிருந்து பேசுகிற நேரம் அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாகப் போனை வைத்துவிட்டது. 

வருகிற வியாழக்கிழமை விசாரணை, நான் வந்து பார்த்ததைச் சொல்லவேண்டும். அதற்காகத்தானே தாராபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன் அக்கா. முதலில் உங்களிடமே எல்லாவற்றையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு, என் பேச்சு எதற்காவது ஆகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எழில் பதினொன்றாவதில் வந்து சேர்ந்தாள் இல்லையா, பரீட்சை எழுதி, ஃபீஸ் இல்லாத சீட்டு வாங்கி. அங்கே மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒன்றாவதிலிருந்தே படிக்கிறவர்கள். அவர்கள் சிரித்தால்கூட இங்கிலீஷில்தான் சிரிப்பார்கள். இவளுக்குப் பேச்சுத் துணை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாண்டரிக்கு வந்து பாய்லர் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "அக்கா, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றாள். "பத்தாவது, எங்க ஊர் அரசுப் பள்ளிக்கூடம். கணக்குல தொண்ணூத்தி ஒண்ணு" என்றேன். "அப்ப நீங்கதான்கா இங்க டாப்பர், இவங்கள்லாம் டியூஷன் வச்சும் எழுபது" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாய்த்துடுக்கு. உங்களிடமும் அப்படித்தானா?

அவளோடு தாரிணியும் வருவாள். சென்னைப் பிள்ளை, நம்பர் 318. அப்பா அம்மா துபாயில். பெரிய இடம், ஆனால் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. நான்தான் நம்பர் தைக்கக் கற்றுக்கொடுத்தேன். "அக்கா, எனக்கும் ஒரு நீடில் குடுங்க" என்று ஒரு ஊசியும் சிவப்பு நூல்கண்டும் வாங்கிப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள். ஹாஸ்டல் போனில் எழில் உங்களோடு பேசும்போது அவளும் பக்கத்தில் நின்று பேசுவாளாமே? "எழில் அம்மா என்னையும் 'சாப்பிட்டியா சாமி'ன்னு கேட்டாங்க" என்று அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம். இதே மாதிரி மழை. திங்கட்கிழமை எழில் சாக்ஸ் கேட்டு வந்தாள். முகம் சரியில்லை. "அக்கா, நாளைக்குச் சாயந்திரம் ட்வெல்த் அண்ணாங்க என்னை வாக் கூட்டிட்டுப் போறாங்களாம். போகட்டுமா?" என்று கேட்டாள்.

அக்கா, நான் என்னத்தைக் கண்டேன்? வாக் என்றால் நடப்பதுதானே. எங்கள் ஹாஸ்டல் மேட்ரன் அம்மாகூட சுகர் என்று காலையில் வாக் போவார்கள். "போ கண்ணு, உடம்புக்கு நல்லது. பனி இறங்கும், ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றேன்.

நான்தான் சொன்னேன்.

அந்தப் பள்ளியில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கண்ணைக் கட்டி, பின்னால் இருக்கிற பழைய தண்ணீர்த் தொட்டியின் சுவர்மேல் ஏற்றி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கவிடுவார்கள். அதற்குத்தான் வாக் என்று பேர். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். எத்தனையோ வருஷமாக நடக்கிறதாம். நடந்து முடித்தவர்களுக்குக் கைதட்டல். எல்லாம் பிறகு என் வீட்டுக்காரர் பள்ளிக் கிச்சனில் காய்கறி இறக்கும்போது கேள்விப்பட்டு வந்து சொன்னது.

தன்ஷி, பெரியம்மா பையை இழுக்காதே. இழுக்கட்டுமா? சரி, விடுங்கள்.

புதன்கிழமை விடிந்தபோது பள்ளி முழுக்க ஒரே பேச்சு. 402 பனியில் தனியாக வியூ பாயிண்ட் பக்கம் போய்ப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள். உங்களுக்கும் அதைத்தானே சொன்னார்கள். நானும் நம்பினேன். அழுதேன். அழுதுகொண்டேதான் அன்றைக்குத் துணி அலசினேன்.

வியாழக்கிழமை மேட்ரன் அம்மா லாண்டரிக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் அங்கே வருகிற ஆளே இல்லை, நீராவி பட்டால் முடி சுருண்டுவிடும் என்பார்கள். கையில் ஒரு கவர். "மேனகா, இதை இன்னைக்கே வெளுத்துடு. நல்லா பிளீச் போடு" என்றார்கள். கவருக்குள் ஒரே ஒரு டை. 77. பன்னிரண்டாவது படிக்கிற பையன், கரஸ்பாண்டெண்ட் அய்யாவின் தங்கை மகன். பேர் வேண்டாம், இந்த லைன் வீட்டுச் சுவரெல்லாம் அட்டை மாதிரி.

நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. "பையன்க துணி வெள்ளிக்கிழமைதானுங்களே அம்மா?" என்றேன். "சொன்னதைச் செய்" என்றார்கள்.

டையின் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. கழுத்தில் போடுகிற முடிச்சு இல்லை. இறுக்கமென்றால் அப்படி ஒரு இறுக்கம். நகத்தால் முடியவில்லை, ஊசியால் நெம்பி நெம்பி அரைமணி நேரம் ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் கத்தரியைப் போட்டிருப்பார்கள், நான் துணிக்கு ஒரு கீறல் படாமல் அவிழ்த்தேன். முடிச்சுக்குள் நாலைந்து முடி சிக்கியிருந்தது. நீளமாக. எண்ணெய் வைத்த முடி.

சொல்லிவிடுகிறேன் அக்கா, என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அந்த முடியை பாய்லர் அடுப்பில் போட்டேன். நாங்கள் பாக்கெட்டில், பட்டனில் சிக்கியிருப்பதை எல்லாம் அங்கேதான் போடுவோம். தண்ணீரில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு டையை ஊறவைத்து, சேறு போக அலசி, பிளீச் கொஞ்சமாகத்தான் விட்டேன், கூட விட்டால் நீலம் வெளிறிவிடும், ஈரத்துணி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். புதுசு மாதிரி இருந்தது. மேட்ரன் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "உன் கைக்கு ஈடே இல்லடி" என்றார்கள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வாரமே தாரிணிக்கு அம்மை என்றார்கள். தனி ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று. சாவி மேட்ரன் அம்மா இடுப்பில். துபாய்க்கும் அம்மை என்றே சொல்லிவிட்டார்கள், வரவேண்டாம், போன்கூட வேண்டாம், பிள்ளை ஓய்வெடுக்கட்டும் என்று. அந்த ரூம் துணி மட்டும் தனி வாளியில் டெட்டால் போட்டு வரும்.

நான் வேப்பிலை ஒடித்துக்கொண்டு போனேன். அம்மையாயிற்றே, தலைமாட்டில் வைத்தால் ஆத்தா குளிர்வாள். கதவு பூட்டியிருந்தது. என் சத்தம் கேட்டதும் உள்ளிருந்து தட்டினாள். மெதுவாக இல்லை அக்கா, இரண்டு கையாலும் தட்டுகிற மாதிரி. "அக்கா, அக்கா, தொட்டிக்கிட்ட நானும் இருந்தேன்" என்று என்னவோ சொல்ல வந்தாள். "காய்ச்சல்ல அனத்தாத கண்ணு, தூங்கு, மூணு தண்ணி ஊத்துனா எல்லாம் எறங்கிரும்" என்று சொல்லி, வேப்பிலையைக் கதவுக் கொண்டியில் சொருகிவிட்டு வந்தேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தத் தலையணை உறையில் ஒரு சீழ்ப்பொட்டு இல்லை. அம்மை போட்ட பிள்ளையின் உறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இவளுக்குப் போட்டபோது பார்த்தேனே. அந்த உறை ஈரமாக மட்டும் இருந்தது. மேட்ரன் அம்மா நல்ல மருந்தாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உறையின் ஓரத்தில்தான் அது இருந்தது. சிவப்பு நூலில், நான் சொல்லிக்கொடுத்த அதே தையல். 318 இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகப் பத்து எண்.

நான் சிரித்தேன் அக்கா. சத்தியமாகச் சிரித்தேன். மூன்று எண் தைக்கச் சொல்லிக்கொடுத்தால் காய்ச்சலில் கை உளறிப் பத்துத் தைத்து வைத்திருக்கிறதே பிள்ளை என்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்துவிட்டு 318 என்று ஒழுங்காகத் தைத்து அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி அதே உறை. என் 318-ஐப் பிரித்துவிட்டு, அதே பத்து எண். இந்த முறை நூல் இரட்டையாகப் போட்டு இறுக்கித் தைத்திருந்தாள். பிரிக்கச் சிரமப்பட்டேன். "அடம் பிடிக்கிறியா நீ" என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே பிரித்தேன். மறுபடி 318.

மூன்றாவது முறை வந்தபோது நம்பரே இல்லை. வெறும் துணி. என் தையலைப் பிரித்ததோடு நிறுத்தியிருந்தாள். நூல் தீர்ந்துவிட்டது போல, பாவம், என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளையின் மூளையைப் பாருங்கள். பேனா பேப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், ஊசியை மட்டும் விட்டுவிட்டார்கள். சீட்டு எழுதி வைத்தாலும் துணியோடு வருகிற காகிதமெல்லாம் மேட்ரன் அம்மா தட்டில் வைக்கவேண்டும் என்பது ரூல். ஒரு வார்த்தை தைத்தாலும் வாளியைப் பார்க்கிற கண்ணில் பட்டுவிடும். நம்பர் தைத்தால்? அந்தப் பள்ளியில் நம்பர் இல்லாத துணி உண்டா? என் ஒருத்தியைத் தவிர யாரும் அதைப் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் தைத்திருக்கிறாள். எனக்காகவே தைத்தது. நான்தான் தப்பு என்று திருத்தி அனுப்பினேன்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் அக்கா. இந்தாருங்கள், துவைத்த துண்டுதான்.

பத்து நாள் கழித்து அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு காரில் கூட்டிப்போனார். நான் திரைச்சீலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். முகத்தில் ஒரு தழும்பு இல்லை. மெலிந்து மட்டும் போயிருந்தாள். மேட்ரன் அம்மா அவள் தோளில் கை வைத்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும் தாரிணி கார்க்கதவைப் பிடித்துக்கொண்டே, "அக்கா, அந்த நம்பர் பாத்தீங்களா?" என்றாள்.

"பார்க்காம என்ன கண்ணு, ரெண்டு தடவையும் பிரிச்சுச் சரியாத் தச்சுட்டேனே" என்றேன்.

அவள் கார்க்கதவை விட்டுவிட்டாள். அழக்கூட இல்லை. என்னைப் பார்த்தபடியே காருக்குள் உட்கார்ந்தாள். அவள் அப்பா "தாங்க்ஸ்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இப்போது ஆஸ்திரேலியாவில் சித்தி வீட்டில் படிக்கிறாளாம். இங்கே நடந்த எதையும் அவளிடம் கேட்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

எனக்கு விளங்கியது எப்போது தெரியுமா? ஒரு மாதம் கழித்து. இவளை அங்கன்வாடியில் விட்டபோது டீச்சர், "காணாமப் போனாச் சொல்லணும்ல, அம்மா நம்பரைப் பாப்பாவுக்கு மனப்பாடம் பண்ணிக் குடு" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது இவள் ஒன்பது, எட்டு, நாலு என்று என் நம்பரைப் பாட்டாகச் சொல்கிறாள். நான் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன். பத்து எண். எனக்குத்தான் நம்பர் மறக்காதே. இரண்டு தடவை பிரித்த நம்பர், விரலுக்கே தெரியும். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்தேன். நீங்கள் எடுத்தீர்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு மேனகா? துணி நம்ம வேலை. துணிக்குள்ள என்ன இருந்துச்சுங்கறதும் நம்ம வேலையா?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அக்கா. எழிலுக்காக அவரும் ஒருநாள் வண்டி ஓட்டவில்லை. இந்த வீடு பள்ளி கொடுத்தது, வண்டி ஓடுவதும் பள்ளிக் காய்கறியால்.

வந்து சொல்லு என்கிறீர்கள். என்ன இருக்கிறது சொல்ல? டை புதுசு மாதிரி இருக்கிறது, நானே புதுசாக்கினேன். முடி அடுப்பில் போனது. உறையில் 318-தான் இருக்கிறது, என் தையல். கேள்விப்பட்டதை எல்லாம் யார் எழுதிக்கொள்வார்கள்? அதோடு, இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை, போன வாரம் ஒரு வக்கீல் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார். இங்கிலீஷ். மேட்ரன் அம்மாதான் தமிழில் சொன்னார்கள்: அந்த வாரம் நான் பெட்ஷீட்டும் திரைச்சீலையும் மட்டும்தான் வெளுத்தேன் என்று இருக்கிறதாம். கட்டைவிரல் மையை முன்னால் வைத்தார்கள். "எனக்கு எழுதத் தெரியுமுங்க" என்று தமிழில் முழுப் பேரும் போட்டேன். வீம்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வக்கீலே சொன்னார்.

கையெழுத்துப் போட்டதும் மேட்ரன் அம்மா இவள் கன்னத்தைக் கிள்ளி, "ஜூன்ல நம்ம ஸ்கூல்லயே எல்.கே.ஜி. சேத்துடலாம், ஸ்டாஃப் கோட்டா" என்றார்கள். நினைத்துப் பாருங்கள், என் பிள்ளை அங்கே. நான் பத்தாவதோடு நின்றவள். இவள் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷில் சிரிப்பாள். யூனிஃபார்ம் துணிகூடக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் நானே தைத்துவிட்டேன், 611. காட்டட்டுமா? வேண்டாமா. சரி.

நீங்கள் அப்படிப் பார்ப்பது எனக்குப் புரிகிறது. இவள் பெரியவளாவதற்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் அந்தச் சுவரை இடித்துவிடுவார்கள். இடிக்காவிட்டாலும் இவளுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன், வாக் என்று யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்று. எழிலுக்குச் சொல்ல அப்போது எனக்குத் தெரியாதே.

பாருங்கள், உங்கள் மடியிலேயே தூங்கிவிட்டாள். நான் சொல்லவில்லை? ஐந்து நிமிஷம்தான் பூனை. கொடுங்கள், கட்டிலில் போட்டுவிடுகிறேன். நீங்கள் கிளம்புவதென்றால் கிளம்புங்கள், நாலரைக்கு பஸ். மழையும் விட்டுவிட்டது. மேல் ரோட்டில் போகவேண்டாம், பள்ளி வேன் வருகிற நேரம். இப்படிக் கேரட் தோட்டத்து வழியாக இறங்கினால் நேராக ஸ்டாண்டுதான், வழுக்கும், பார்த்துக் காலை வையுங்கள். அந்த நம்பருக்கு இனிமேல் போன் பண்ணாதீர்கள், அவர் எடுத்துவிட்டால் சங்கடம். வியாழக்கிழமை என்னை எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றே ஒன்று அக்கா. உங்கள் பொண்ணுக்கு அக்கா மாதிரி இருந்தவள், கேட்கிறேன். வழியில் யாராவது நிறுத்தி, மேனகா வீட்டுக்கா வந்தீர்கள் என்று கேட்டால், வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.